களத்துச் சினமும் மனையகத்துச் சினமும்: ‘சார்பட்டா பரம்பரை’யும் அதியமான் பாடல்களும்

1. முன்னுரை

சேர்வராயன் மலையின் தென்புற அடிவாரத்தில் சேலம் அமைந்துள்ளது. அம்மலைக்கு வடபால் தருமபுரி உள்ளது. அதுவே சங்க காலத்துத் தகடூர் என்பது அறிஞர் பலரும் ஒப்பிய கருத்தாகும். அதியமான் நெடுமானஞ்சி ஆண்டதும் ஔவையார் அவனைப் பாடியதும் அந்நிலத்திலேயே. ஆகவே, ஏற்காட்டில் நின்று வடக்கு நோக்குவார்க்குப் புறநானூற்றின் ஒரு பகுதி நூலாக மட்டும் தோன்றுவதில்லை, நிலமாகவும் தோன்றும்.

அவ்வேற்காட்டில் கோடைக்காலத்தில் நடந்த மாணவர் பயிலரங்கு ஒன்றில் புறநானூற்று வீரத்தைப் பற்றிப் பேசும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. இக்காலத்து எடுத்துக்காட்டாகக் குத்துச்சண்டையைப் பொருளாகக் கொண்ட ‘சார்பட்டா பரம்பரை’ என்னும் திரைப்படத்தைச் சுட்டினேன். பேச்சு முடிந்ததும், மலையாளிக் குடியிற் பிறந்த மாணவர் ஒருவர் எழுந்தார். பொங்கலை ஒட்டித் தம் ஊரில் எருதாட்டம் நடக்கும் என்றும், நீள்கயிறு பிணித்த எருதை மந்தையில் விட்டு ஆடிய பின்னர் அதனைக் குளிப்பாட்டித் தீனி வைத்துத் தொழுவிற் கட்டுவர் என்றும் கூறினார். அவ்வாறாயின், குத்துச்சண்டை முடிந்து வீடு திரும்பும் மனிதனைக் குளிப்பாட்டுவார் யார் என்று வினவினார். அவையோர் நகைத்தனர். நானும் நகைத்தேன், ஆயினும் விடை கூற இயலவில்லை. அன்று கூறாத விடையைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வினாவைச் சற்று விரித்து அமைத்துக்கொள்வோம். ஒருவனை அடித்து வீழ்த்துதற்கு ஒரு சமூகம் மற்றொருவனைப் பயிற்றுகிறது. அவன் வென்றால் ஆரவாரிக்கிறது. அவ்வாறு வளர்த்த சினம் களத்தின் எல்லையோடு நின்றுவிடுகிறதா? நில்லாதாயின் அது எங்கே செல்கிறது? அதற்குப் பொறுப்பாவார் யார்? இவ்வினாக்களைப் பழந்தமிழ்ப் புலவரும் எழுப்பியுள்ளனர்; 2021-ஆம் ஆண்டு வெளிவந்த திரைப்படமும் எழுப்பியுள்ளது. இரண்டையும் ஒருங்கு வைத்து நோக்கினால் இரண்டும் விளக்கமுறும்.

2. மல்லும் குத்தும்

முதற்கண் ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். குத்துச்சண்டை தமிழர்தம் தொன்மைக் கலை என்று கூறுவார் சிலர் உளர். பழந்தமிழ் நூல்கள் கூறுவது மற்போர். அது பிடித்தும் மடக்கியும் வீழ்த்தும் போர். பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் ‘மாமல்லன்’ எனப் பெயர் பூண்டதும் அக்கலையின் பெருமை குறித்தே. கையுறை அணிந்து, கயிறு கட்டிய மேடைமேல், மணியோசைக்குத் தொடங்கி மணியோசைக்கு நிற்கும் குத்துச்சண்டையோ ஆங்கிலேயரோடு இந்நாட்டிற்கு வந்தது. 1867-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளியிடப்பட்ட குயின்சுபெரி விதிகளே அதன் அடிப்படை. மூன்று நிமிடம் போர், ஒரு நிமிடம் ஓய்வு, கையுறை கட்டாயம், மற்பிடி கூடாது, வீழ்ந்தவன் எழுதற்குப் பத்து நொடி என்னும் வரையறைகள் அவற்றுள் அடங்கும்.

படைவீடுகளும் துறைமுகங்களும் இக்கலை இங்குப் பரவிய வாயில்கள். வடசென்னையில் துறைமுகத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் மீனவரும் இதனைத் தம் கலையாக ஏற்றனர். சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை, எல்லப்ப செட்டியார் பரம்பரை என ஆசிரியர் வழியும் மாணவர் வழியும் தொடரும் குழுக்கள் தோன்றின. வந்த கலைக்கு ஊர்மக்கள் இட்ட பெயர் ‘ரோசமான ஆங்கிலக் குத்துச்சண்டை’ என்பது. இத்தொடர் ஆராயத்தக்கது. ‘ஆங்கில’ என்னும் சொல் கலையின் பிறப்பிடத்தை மறைக்காது உரைக்கிறது. ‘ரோசம்’ என்பது வடமொழி ‘ரோஷ’ என்பதன் திரிபு; அம்மொழியில் அதற்குப் பொருள் சினம் என்பதே. தமிழர் வாயில் அது மானவுணர்ச்சி என்னும் பொருளை அடைந்தது. இழிவுபடுத்தப்பட்டவன் கொள்ளும் சினமே அவனுடைய மானம் என்று மக்கள் கருதியதாலேயே இப்பொருள் மாற்றம் நிகழ்ந்தது எனல் பொருந்தும். சினமும் மானமும் ஒரு சொல்லுள் அடங்கிய அந்நிலையே இவ்விளையாட்டின் பெருமைக்கும் இடருக்கும் வேராகும்.

கலை வந்ததாயினும் அதனைச் சூழ்ந்த வாழ்க்கை வந்ததன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துக் கடற்கரையைக் காட்டுகிறார். கடுந்தொழில் புரியும் பரதவர், சுற்றத்தார் சூழ மணற்பரப்பிற் கூடுகின்றனர். கையாலும் படைக்கருவியாலும் ஒருவரையொருவர் தாக்கிப் புறங்கொடாது பொருகின்றனர். மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் ஓணநாள் விழாவினைக் கூறுமிடத்து, சேரியும் சேரியும் மாறுபட்டுப் பொருத பூசலில் நெற்றியில் வடுப்பட்ட மறவரைக் காட்டுகிறார். துறைமுகம், உழைப்பாளர், உறவினர் கூட்டம், குழுவுக்குக் குழு பகை, வடுவே புகழ் என்னும் கூறுகள் அனைத்தும் வடசென்னைப் பரம்பரைகளிடத்தும் உள்ளன. எனவே, தமிழர் மரபாக வந்தது குத்தும் முறையன்று. குத்துவானைச் சூழ்ந்து நிற்கும் ஊரே மரபாக வந்தது. ஊரை ஆராயாது வீரனை ஆராய்தல் இயலாது என்பது இதனாற் பெறப்படும்.

3. ஆமூர் மற்களம்

புறநானூற்றில் 80 முதல் 85 வரையுள்ள ஆறு பாடல்கள் சோழன் போரவைக்கோப் பெருநற்கிள்ளியைப் பற்றியன. முதல் மூன்றும் சாத்தந்தையார் பாடியவை; பின் மூன்றும் பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார் பாடியவை. கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருத செய்தி இவற்றின் அடிநிலை.

80-ஆம் பாட்டில் சாத்தந்தையார் மற்போரின் நிலையைக் கண்முன் நிறுத்துகிறார். ஒரு காலை மல்லனின் மார்பில் ஊன்றி, மறு காலால் அவனது தப்பும் சூழ்ச்சியைத் தடுத்துக் கிள்ளி பொருகிறான். இவ்விடத்துப் புலவர் நினைவு களத்தை விட்டு வீரனின் தந்தையிடம் செல்கிறது. தந்தை தித்தன் மகிழ்ந்தாலும் மகிழாவிட்டாலும் இதனைக் காணுதல் வேண்டும் என்கிறார் அவர். மகனுக்கும் தந்தைக்கும் உறவு நன்றாக இல்லை என்பது இதனால் விளங்கும். கிள்ளி பொருவது மல்லனோடு மட்டுமன்று. தன்னை ஏற்காத தந்தையின் கண்ணோடும் பொருகிறான்.

82-ஆம் பாட்டின் உவமை தமிழ்க் கவிதையின் அரிய உவமைகளுள் ஒன்று. ஊரில் விழா, மனைவிக்குப் பேற்று வலி, மழை பெய்கிறது, பொழுதும் சாய்கிறது. இந்நான்கு நெருக்கடிக்கிடையே கட்டில் பின்னும் தொழிலாளியின் ஊசி எத்துணை விரைந்து பாயுமோ, அதனினும் விரைந்தது கிள்ளியின் போர் என்கிறார் புலவர். அத்தொழிலாளியை அக்காலச் சமூகம் இழிந்தவன் என்னும் பொருளுடைய சொல்லாற் குறித்தது. பாட்டிலும் அச்சொல்லே உள்ளது. ஆயினும், அரச மரபினன் ஒருவனது வீரத்தை அளக்கப் புலவர்க்குக் கிடைத்த அளவுகோல் அவனுடைய கை விரைவே. உழைப்பவன் கையும் பொருபவன் கையும் ஒன்றெனக் கண்ட பார்வை இது.

நக்கண்ணையார் பாடல்கள் களத்திற்கு வெளியே நிற்பவை. 84-ஆம் பாட்டில், கூழுண்டும் பெருந்தோள் உடையவன் கிள்ளி என்றும், அருகிருந்தும் தான் பசந்து மெலிந்ததாகவும் அவர் கூறுகிறார். 85-ஆம் பாட்டில், இவ்வூர் அவனது ஊரன்று, இந்நாடு அவனது நாடன்று என்கிறார். அவனுக்கே வெற்றி என்பார் ஒருசாரார். இல்லை என்பார் ஒருசாரார். அவரோ சிலம்பொலிக்க ஓடித் தம் மனையருகே நின்ற பனையிற் சாய்ந்து அவனது வெற்றியைக் காண்கிறார். களத்தினுட் செல்லவும் இயலாது, வீட்டினுள் அடங்கவும் இயலாது, இடையில் ஒரு மரத்தைப் பற்றி நிற்கும் பெண்ணின் நிலை அது. போர்விளையாட்டைப் பற்றிய ஆராய்ச்சி அப்பெண் நிற்கும் இடத்திலிருந்தும் நடைபெறுதல் வேண்டும்.

4. தகடூர்த் தச்சனும் தகடூர் யானையும்

இனி வடக்கே தகடூருக்குச் செல்வோம். ஆமூர்ப் பாடல்கள் போரின் விரைவையும் ஊரின் பார்வையையும் காட்டின. ஔவையார் பாடல்கள் போர்வீரனின் உள்ளத்தைக் காட்டுவன.

87-ஆம் பாட்டில் அவர் பகைவரை எச்சரிக்கிறார். நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்ய வல்ல தச்சன் ஒருவன் ஒரே ஒரு சக்கரத்தை ஒரு திங்கள் முயன்று செய்தால் அஃது எத்தகையதோ, அத்தகையவன் எங்கள் வீரன் என்கிறார். சாத்தந்தையாரின் கட்டில் தொழிலாளி விரைவுக்கு உவமை. ஔவையாரின் தச்சன் பொறுமைக்கு உவமை. களத்தில் ஒரு நொடியிற் பாயும் கை, களத்திற்கு வெளியே பல திங்கள் இழைக்கப்பட்டது என்பதை இவ்விரு பாடல்களும் சேர்ந்து உணர்த்துகின்றன. பயிற்சியின் இலக்கணம் இதனினும் சுருங்கக் கூறப்பட்டதில்லை.

94-ஆம் பாட்டில் அதியமான் யானையாகிறான். நீர்த்துறையில் படிந்து கிடக்கும் பெருங்களிற்றின் வெண்கொம்பை ஊர்ச் சிறுவர் கழுவுகின்றனர். அது பொறுத்துக் கிடக்கிறது. எமக்கு நீ அத்தகைய இனியன்; பகைவர்க்கோ அவ்யானையின் மதம் போன்ற இன்னாதவன் என்கிறார் ஔவையார். ஒரே யானை, ஒரே வலிமை. இடமறிந்து நிற்றலே அதன் சிறப்பு.

இப்பாட்டோடு நின்றிருந்தால் வீரனைப் பற்றிய இலட்சியம் மட்டுமே நமக்குக் கிட்டியிருக்கும். ஆனால், அதே புலவர் அதே மன்னனைப் பாடிய 100-ஆம் பாட்டு வேறு காட்சியைக் காட்டுகிறது. போர்க்களத்திலிருந்து அதியமான் வருகிறான். கையில் வேல், காலிற் கழல், உடலில் வியர்வை, கழுத்தில் ஈரம் உலராத புண். புலியோடு பொருத யானை போல அவன் சினம் இன்னும் தணியவில்லை. அந்நிலையில் தனக்குப் பிறந்த மகனைக் காண்கிறான். பகைவரை நோக்கிச் சிவந்த கண், மகனை நோக்கியும் சிவப்பு மாறவில்லை.

இதனை வீரத்தின் மிகுதியைப் புகழ்ந்ததாகக் கொள்வது மரபு. புகழ்ச்சி உண்டு என்பதில் ஐயமில்லை. ஆயினும், 94-ஆம் பாட்டையும் 100-ஆம் பாட்டையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பார்க்கு வேறொரு பொருளும் புலனாகும். முன்னதில் யானை நீருள் கிடக்கிறது. சிறுவர் அதன் கொம்பைத் தீண்டுகின்றனர். பின்னதில் யானை புலியை விட்டு இன்னும் மீளவில்லை. சிறுவன் எதிரே இருக்கிறான். முன்னதில் உள்ள நீர்த்துறை பின்னதில் இல்லை. களத்திற்கும் மகனுக்கும் இடையே இருக்க வேண்டிய ஒரு துறை இல்லாமற் போனதை ஔவையார் கண்டார். கண்டதை மறைக்காது பாடினார். புகழ் பாடும் புலவர்க்கு இத்துணை உண்மை போதும்.

வெகுளாமை அதிகாரத்தின் முதற்குறளில், சினம் பலிக்கும் இடத்தில் அதனைக் காப்பவனே காப்பவன் என்று வள்ளுவர் கூறும் கருத்தும் இங்கு நினைக்கத்தக்கது. குத்துச்சண்டை மேடையில் எதிரி வலியன், நடுவர் உண்டு, மணி உண்டு. ஆகவே அங்குச் சினம் முழுதும் செல்லாது. செல்லும் இடம் வீடே. மனைவியும் தாயும் மகவும் எதிர்க்குத்து விடுவதில்லை. அவர்களுக்கு இடையே நடுவரும் நிற்பதில்லை.

5. கபிலனின் கதை

பா. இரஞ்சித் இயக்கத்தில் 2021-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் இணையவழியாக வெளிவந்த ‘சார்பட்டா பரம்பரை’, 1970-களின் வடசென்னையைக் களமாகக் கொண்டது. துறைமுகத் தொழிலாளி கபிலன் (ஆர்யா) சிறுவயது முதற்கொண்டு குத்துச்சண்டையில் வேட்கையுடையவன். தாய் பாக்கியம் அதனைத் தடுக்கிறாள். அவன் தந்தையும் அக்கலையில் வல்லவன். அவ்வலிமை அவனை அடிதடி வாழ்க்கையிற் செலுத்தி அழித்தது. தாயின் தடை வெறும் அச்சமன்று, பட்டறிவு. சார்பட்டா ஆசிரியர் இரங்கன் (பசுபதி) பரம்பரையின் மானம் காக்க ஓர் ஆள் தேடி நிற்கும் வேளையில், கபிலன் கையுறை அணிகிறான். இடியப்பப் பரம்பரையின் டான்சிங் ரோசை வெல்கிறான், வேம்புலியோடு பொருகிறான். அப்போர் முடிவெய்தும் முன் கலவரத்தாற் குலைகிறது. சாதிச் செருக்குடையோர் கபிலனை அவையோர் முன் ஆடை களைந்து இழிவுபடுத்துகின்றனர். 1976 சனவரி 31-இல் தமிழக அரசு கலைக்கப்பட்ட நிகழ்ச்சியும் கதையுட் பின்னப்பட்டுள்ளது; தி.மு.க. தொண்டரான இரங்கன் சிறைப்படுகிறார். ஆசிரியரை இழந்த கபிலன் கள்ளச்சாராயத்திலும் அடிதடியிலும் வீழ்கிறான். பின்னர்த் தாயின் தூண்டுதலால் மீண்டு, பீடி இராயப்பன் என்னும் பழைய வீரரிடம் பயின்று வேம்புலியை வெல்கிறான்.

இப்படத்தின் முதற் சிறப்பு, சினத்தைத் தனிமனிதக் குணமாகக் காட்டாமை. கபிலனின் ரோசம் அவனுக்குள் ஊற்றெடுத்தது மட்டுமன்று. ஆசிரியரின் மானம், பரம்பரையின் மானம், கட்சியின் மானம், சாதியால் தாழ்த்தப்பட்டோரின் மானம் ஆகிய அனைத்தும் அவன் இரு கைகளில் ஏற்றப்படுகின்றன. துறைமுகத்திற் பிறர் மூட்டையைச் சுமப்பவன் மேடையிற் பிறர் மானத்தைச் சுமக்கிறான். நக்கண்ணையார் காட்டிய இருசாராரும் இங்கு மேடையைச் சூழ நின்று கூவுகின்றனர். தித்தனின் கண்ணைப் போல இறந்த தந்தையின் நிழலும் மேடையருகே நிற்கிறது.

இரண்டாவது சிறப்பு, டான்சிங் ரோசு என்னும் பாத்திரம். சபீர் கல்லரக்கல் நடித்த இப்பாத்திரம் படத்திற் சிறிது நேரமே தோன்றுகிறது. ஆயினும் படத்தின் கருத்துக்கு அதுவே உரைகல். அவன் ஆடியாடிப் பொருகிறான். குத்தை வாங்காது நழுவுவதில் மகிழ்கிறான். தோற்றபின் வென்றவனின் திறத்தைத் தன் குழுவினரிடமே எடுத்துரைக்கிறான். குத்துச்சண்டையை விளையாட்டாகவே ஆடியவன் இப்படத்தில் அவன் ஒருவனே எனலாம். ஏனையோர் அனைவரும் அதனைக் கணக்குத் தீர்க்கும் இடமாகக் கொண்டனர். தோல்வியைத் தோல்வியளவில் வைத்துக்கொள்ளத் தெரிந்தவனுக்கு மட்டுமே களத்துச் சினம் களத்தில் நிற்கிறது.

மூன்றாவது சிறப்பு, வீழ்ச்சியைக் காட்டிய நேர்மை. வீரன் வெல்வதும் தோற்பதும் எல்லாக் கதைகளிலும் உண்டு. மேடை பறிபோன வீரனின் கை வீட்டிற்குள் என்ன செய்யும் என்பதை இப்படம் மறைக்கவில்லை. குடித்துத் திரிந்து தாயையும் மனைவி மாரியம்மாளையும் வருத்தும் கபிலன், 100-ஆம் புறப்பாட்டின் அதியமானே. தந்தையின் அழிவு மகனிடம் மறுபடி தொடங்குவதைத் தாய் காண்கிறாள். துசாரா விசயன் நடித்த மாரியம்மாள் பனையிற் சாய்ந்து நிற்பவள் அல்லள், எதிர்நின்று கேட்பவள். நக்கண்ணையார் கூறாது விட்டதை அவள் கூறுகிறாள்.

6. படத்தின் குறை

இத்துணைச் சிறப்புடைய படம் தான் எழுப்பிய வினாவிற்கு முழு விடை தந்ததா? இல்லை என்றே கூறல் வேண்டும். மேடையால் விளைந்த நோய்க்கு மேடையையே மருந்தாக்குகிறது படம். கபிலன் மீண்டும் வென்றவுடன் வீடும் மீண்டுவிட்டதாகக் கொள்ளச் செய்கிறது. கடற்கரைப் பயிற்சிக் காட்சிகள் தச்சனின் ஒரு திங்கள் உழைப்பை நினைவூட்டும் அழகுடையன. ஆனால், பயிற்சி கையைத் திருத்தியது. கண்ணின் சிவப்பை எது ஆற்றியது என்பது காட்டப்படவில்லை. ஒருகால் இறுதிப் போரில் அவன் தோற்று, தோற்றும் அமைதியாக வீடு திரும்பியிருந்தால், அவ்வினா தீர்ந்திருக்கும் என்று கருத இடமுண்டு.

மற்றொரு குறை, உடல் செலுத்தும் விலையைப் படம் கூறாமை. நியூ செர்சி மருத்துவர் ஆரிசன் மார்ட்லாண்டு 1928-இல் எழுதிய கட்டுரையில், பல்லாண்டு தலையிற் குத்து வாங்கிய வீரர்க்கு நடை தள்ளாடுதலும் நினைவு குன்றலும் நேர்வதை மருத்துவ உலகிற்கு எடுத்துரைத்தார். 1982-இல் தென்கொரிய வீரர் கிம் டுக்கூ மேடையில் வீழ்ந்து சில நாளில் இறந்தார். அதன்பின் உலகப் பட்டப் போர்களின் சுற்றுகள் பதினைந்திலிருந்து பன்னிரண்டாகக் குறைக்கப்பட்டன. உலக மருத்துவர் கழகம் 1983-இல் குத்துச்சண்டையைத் தடை செய்யப் பரிந்துரைத்தது. 1980-இல் முகமது அலி சென்னைக்கு வந்து சிம்மி எல்லிசோடு காட்சிப்போர் ஆடினார்; மக்கள் பெருந்திரளாகக் கண்டு மகிழ்ந்தனர். நான்கு ஆண்டு கழிந்து, 1984-இல், அவருக்குப் பார்க்கின்சன் நோய்க்கூறு இருப்பது கண்டறியப்பட்டது. அது குத்துகளால் மட்டும் வந்ததா என்பதில் மருத்துவரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும், 2016-இல் மறையும் வரை உலகு கண்டது நடுங்கும் ஒரு கையை. சென்னை கைதட்டிய கையும் அதுவே. 1970-களைக் கதைக்களமாகக் கொண்ட படம் பின்னாளில் அறியப்பட்டவற்றை எல்லாம் கூற இயலாது என்பர். மார்ட்லாண்டின் கட்டுரை அதற்கும் நாற்பதாண்டு முற்பட்டது என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். தவிரவும், அடிபட்ட பழைய வீரர்களை அத்தெருக்களே அறிந்திருக்கும்.

7. ஒரு மறுப்பும் அதன் வலிமையும்

இங்கு நேர்மையான மறுப்பு ஒன்று உண்டு. தீங்கு மிகுந்ததாயின் அதனைத் தடை செய்தலே முறை என்பார் கூற்று எளிது; சுவீடன் 1970-இல் தொழில்முறைக் குத்துச்சண்டையைத் தடுத்ததும் உண்மை. ஆயினும், வடசென்னைத் தொழிலாளியின் நிலையில் நின்று பார்த்தல் வேண்டும். தெருவில் அவனுக்கு ஒரு விதி, மற்றவனுக்கு ஒரு விதி. கோயில் வாயிலிலும் தேநீர்க் கடையிலும் பிறப்பு நோக்கி நடத்தப்பட்டவனுக்கு, மேடையில் மட்டும் பத்து எண்ணும் நடுவர் இருவர்க்கும் ஒன்றுபோலவே எண்ணுவார். மூன்று நிமிடம் இருவர்க்கும் மூன்று நிமிடமே. சமனான விதி வாழ்வில் கிட்டாதவனுக்கு அது கிட்டிய இடம் மேடை. அதனைப் பறித்துவிட்டு வேறொன்றும் தராத அறவுரை அறமாகாது.

சுதா கொங்கராவின் ‘இறுதிச்சுற்று’ (2016) இதே உண்மையை வேறு கோணத்தில் காட்டிற்று. மீனவர் குடியிருப்பைச் சேர்ந்த இரு சகோதரியருள் மூத்தவள் குத்துச்சண்டை பயில்வதற்குக் காரணம் காவல்துறை வேலை. அவளுக்கு அது புகழன்று, சோறு. 2012-ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் பெண்கள் குத்துச்சண்டை முதன்முதலாக இடம்பெற்று, மணிப்பூரின் மேரி கோம் வெண்கலம் வென்றபின், இவ்வாயில் ஏழைப் பெண்களுக்கும் திறந்தது. கூழுண்டும் பெருந்தோள் உடைய கிள்ளியின் மரபு இன்று அவர்களிடத்தும் உள்ளது.

ஆகவே, வினா தடையா ஆதரவா என்பதன்று. மேடையில் சமன் செய்யத் தெரிந்த சமூகம், மேடையை விட்டு இறங்கியவனுக்கு என்ன செய்கிறது என்பதே வினா. குயின்சுபெரி விதிகளுள் மிக மனிதத் தன்மை உடையது ஒரு நிமிட ஓய்வு. அந்நிமிடத்தில் ஒருவர் நீர் கொடுக்கிறார். ஒருவர் புண்ணைத் துடைக்கிறார். ஆசிரியர் காதருகே பேசுகிறார். சுற்றுக்கும் சுற்றுக்கும் இடையே அமைந்த அவ்வொரு நிமிடம், களத்திற்கும் வீட்டிற்கும் இடையே அமையவில்லை. இரங்கன் சிறை சென்றபோது கபிலன் இழந்தது பயிற்சியை மட்டுமன்று. காதருகே பேசும் அக்குரலையும் இழந்தான். அவன் வீழ்ச்சிக்குக் காரணம் அதுவே.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன வருமாறு. குத்துச்சண்டை தமிழகத்திற்கு வெளியிலிருந்து வந்தது. ஆயினும் அதனைச் சூழ்ந்த ஊரும் மானமும் சங்க காலம் முதல் இங்கு உள்ளன. பொருபவன் கையைத் தொழிலாளியின் கையோடும் தச்சனின் பொறுமையோடும் ஒப்பிட்டு மதித்தனர் நம் புலவர். அக்கை வீடு திரும்பும்போது நேரும் இடரையும் ஔவையார் கண்டார். ‘சார்பட்டா பரம்பரை’ அவ்விடரைத் துணிந்து காட்டியது. தீர்வை மட்டும் வெற்றியிடம் ஒப்படைத்துவிட்டது.

ஏற்காட்டு மாணவரின் வினாவிற்கு இப்போது விடை கூறலாம். ஆடிய எருதைக் குளிப்பாட்டுவது அதன் கயிற்றைப் பிடித்த ஊரே. யானையின் கொம்பைக் கழுவியவரும் ஊர்ச் சிறுவரே. பொருத மனிதனைக் குளிப்பாட்ட வேண்டியவரும் அவனுக்காகக் கைதட்டியவரே. குத்து மிகும்போது போரை நிறுத்தும் துணிவுடைய நடுவர், போர் முடிந்தபின் தலையைச் சோதிக்கும் மருத்துவர், கையுறை கழற்றியபின் வாழ்வதற்கு ஒரு தொழில், தோற்றவனிடமும் பேசும் ஆசிரியர் ஆகியோரும் ஆகியனவும் சேர்ந்ததே அந்நீர்த்துறை. அதனை அமைக்காத ஊருக்கு வீரனின் வெற்றியில் பங்கு கேட்கும் உரிமை இல்லை.

மாணவர் அவையில் நகைத்தது பிழை என்பதையும் இங்கு ஒப்புக்கொள்கிறேன். தகடூரில் பிறந்த அக்குழந்தை, தந்தையின் சிவந்த கண்ணை முதன்முதல் கண்டபோது என்ன உணர்ந்ததோ, அதனை எந்தப் புலவரும் பாடவில்லை. அதன் சார்பில் கேட்கப்பட்ட வினாவே அது.